இப்ப எங்க இருக்கு?

வருஷத்தில் பத்து மாதம் என்னை யாரும் சீந்துவதில்லை. வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்துவிட்டால் போதும், திடீரென்று ஒரு மவுசு வந்துவிடும். டீக்கடை மாஸ்டர் கேட்பார். இஸ்திரி போடுகிறவர் கேட்பார. மூன்றாவது மாடி ரிட்டயர்ட் தாசில்தார், மற்ற நாளில் என் குட்மார்னிங்கைக்கூட வாங்கிக்கொள்ளாத மனிதர், மாடிப்படியில் மறித்துக் கேட்பார். எல்லாருக்கும் ஒரே கேள்விதான்.

"என்ன தம்பி, இப்ப எங்க இருக்கு?"

எது என்று நான் திருப்பிக் கேட்பதில்லை. சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து, டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "சென்னைக்குத் தென்கிழக்கே 480 கிலோமீட்டர் சார். நேத்து ராத்திரியிலேர்ந்து நகரல. யோசிச்சிட்டிருக்கு" என்பேன். அந்த "யோசிச்சிட்டிருக்கு"வில் ஆள் விழுந்துவிடுவார்.

இத்தனைக்கும் நான் படித்தது பி.காம். அதிலும் காஸ்ட் அக்கவுண்டிங்கில் இரண்டு தடவை அரியர்ஸ். எனக்கு டெப்ரிசியேஷன் தெரியும், டிப்ரஷன் தெரியாது. தெரிய வைத்தது வர்தா.

2016 டிசம்பர் 12. தேதி மறக்காது. அதற்கு ஒரு மாதம் முன்னால் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று சொல்லி, ஊரே ஏ.டி.எம். வாசலில் நின்றுகொண்டிருந்தது. ஒரு வாரம் முன்னால் முதலமைச்சர் ஜெயலலிதா காலமாகி, கடைகள் எல்லாம் இழுத்து மூடப்பட்டன. இனிமேல் என்ன பாக்கி இருக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தபோது இது வந்தது. பாகிஸ்தான் வைத்த பெயர். ரோஜா என்று அர்த்தமாம். நல்ல ரோஜா!

நான் அப்போது திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் இருந்தேன். பத்துக்குப் பத்து ரூம், இரண்டு பேர். காலையிலிருந்து காற்று ஜன்னலைப் பிடித்து உலுக்கியது. மத்தியானத்துக்கு மேல் திடீரென்று அடங்கிவிட்டது. மழையும் இல்லை. ரூம்மேட் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "அவ்ளோதான்டா, முடிஞ்சிடுச்சு. டீ சாப்பிட்டு வந்துடறேன்" என்று கிளம்பினான். தெருவில் பலர் விழுந்து கிடந்த மரத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அரை மணி நேரம்கூட இருக்காது, காற்று எதிர்த்திசையிலிருந்து முன்னைவிட மோசமாக வந்தது. ரூம்மேட் டீக்கடையின் பாதி இறக்கிய ஷட்டருக்குள் பதினாலு பேரோடு ஒன்றரை மணி நேரம் நின்றான். திரும்பி வந்தபோது வேட்டி இருந்தது. மடிப்பு இல்லை, பேச்சும் இல்லை.

புயலின் கண் எங்கள் தலைக்கு மேலே போயிருக்கிறது. அந்த அமைதி, நடுவில் இருக்கும் ஓட்டை. பின்பாதி இனிமேல்தான் வரும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. அன்று ராத்திரி கரண்ட் இல்லாத ரூமில் மெழுகுவத்தி வெளிச்சத்தில், இந்தச் சமாசாரம் என்ன ஏது என்று தெரிந்துகொண்டே தீருவது என்று சபதம் எடுத்தேன்.

தெரிந்துகொண்டதில் கொஞ்சம் சொல்கிறேன். பரீட்சைக்கு வராது, பயப்பட வேண்டாம்.

அமெரிக்கக் கரையில் ஹரிகேன், ஜப்பான் பக்கம் டைஃபூன், நம் பக்கம் சைக்ளோன். மூன்றும் ஒரே பிராணி. சைக்ளோன் என்ற வார்த்தையை 1840-களில் உருவாக்கியவர் ஹென்றி பிடிங்டன். எங்கோ லண்டனில் அல்ல, கல்கத்தாவில் உட்கார்ந்துகொண்டு. பாம்பு சுருண்டு படுத்திருப்பதைக் குறிக்கும் கிரேக்க வார்த்தையிலிருந்து எடுத்தாராம்.

இந்தப் பாம்பு எடுத்த எடுப்பில் பாம்பாகப் பிறப்பதில்லை. நம் ஆபீஸ் மாதிரிதான், படிப்படியாகப் பிரமோஷன். முதலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, இது அப்ரண்டிஸ். காற்று மணிக்கு 31 கிலோமீட்டரைத் தொட்டால் தாழ்வு மண்டலம்; குமாஸ்தா. 50-ஐத் தொட்டால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், ஹெட் கிளார்க். 62-ஐத் தொட்டால்தான் புயல். அப்போதுதான் கதவில் பெயர்ப்பலகை மாட்டுவார்கள். 89-க்குத் தீவிரப் புயல். அப்படியே ஏறிக்கொண்டே போய் 221-ஐத் தாண்டினால் சூப்பர் புயல், சேர்மன் போஸ்ட். 1999 அக்டோபர் 29-ம் தேதி ஒடிசாவில் புகுந்தது அந்த ரகம். பத்தாயிரம் பேர் அளவுக்கு இறந்துபோனார்கள்.

பெயர்ப்பலகை இல்லாதவர்களை அலட்சியம் செய்யக்கூடாது என்பதும் ஆபீஸ் மாதிரிதான். 2015 டிசம்பர் 1-ம் தேதி சென்னையை முழுகடித்ததே, அதற்குப் பெயரே கிடையாது.

பெயர் வைப்பது வங்கக் கடலையும் அரபிக் கடலையும் சுற்றியுள்ள தேசங்கள். 2020-ல் போட்ட பட்டியலில் 13 தேசங்கள், ஆளுக்குப் 13 என்று 169 பெயர்கள். இந்தியா கொடுத்ததில் 'முரசு' என்று ஒரு தமிழ்ப் பெயரும் இருக்கிறது. கொட்டாமல் இருந்தால் சரி.

அப்புறம் கூண்டு. "மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது" என்று நியூஸில் கேட்டிருப்பீர்கள். என் அப்பா அதைக் கேட்டுவிட்டு ஏதோ கிளிக்கூண்டு என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் கப்பல்களுக்காக ஏற்றுகிற அடையாளம் அது. 1-ம் 2-ம் தூரத்தில் இருப்பதைச் சொல்பவை. 3-ம் 4-ம் துறைமுகத்துக்கே ஆபத்து வரலாம் என்பவை. 5, 6, 7 என்றால் அபாயம். புயல் துறைமுகத்துக்கு இந்தப் பக்கமாகப் போகிறதா, அந்தப் பக்கமாகவா, நேர் மேலேயா என்று மூன்று எண்கள். 8, 9, 10 அதே மூன்று, பெரிய அபாயம். அப்படியானால் 11? அதைவிடப் பெரிய புயல் என்றுதான் நானும் நினைத்தேன். இல்லை. எச்சரிக்கை கொடுக்கிற ஆபீஸோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்று அர்த்தம்.

இந்தப் பதினொன்றை ஞாபகத்தில் வையுங்கள்.

இதெல்லாம் தெரிந்த பிறகு எனக்குப் பைத்தியம் முற்றியது. அப்போது தி.நகரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை. கம்ப்யூட்டரில் பாலன்ஸ் ஷீட் திறந்திருக்கும். அதற்குப் பின்னால் வங்கக் கடல் திறந்திருக்கும். மேனேஜர் வந்தால் கடல் உள்ளே போய்விடும். அமெரிக்கக் கம்ப்யூட்டர் ஒரு கணக்குப் போட்டு, புயல் இந்த வழியாக வரும் என்று கோடு கிழிக்கும். ஐரோப்பியக் கம்ப்யூட்டர் இன்னொரு கோடு. ஒவ்வொன்றும் ஆரம்ப நிலவரத்தைத் துளித்துளி மாற்றிப் பல கணக்குப் போடும். எல்லாக் கோட்டையும் ஒரே படத்தில் போட்டால் வங்கக் கடலில் யாரோ இடியாப்பத்தைக் கொட்டினது போலிருக்கும். இடியாப்பம் ஒரே கொத்தாக இருந்தால் கணிப்பில் நம்பிக்கை வைக்கலாம். சிதறிக் கிடந்தால், யோசிச்சிட்டிருக்கு!

அமெரிக்காவில் புயலின் கண்ணுக்குள்ளேயே விமானத்தை ஓட்டிக் காற்றை அளந்து வருவார்கள். வங்கக் கடலில் பெரும்பாலும் செயற்கைக்கோள் படத்தில் மேகம் எப்படிச் சுருண்டிருக்கிறது என்று பார்த்துத்தான் பலத்தை மதிப்பிட வேண்டும். டிவோராக் என்ற அமெரிக்கர் 1970-களில் வகுத்த முறை அது. கரையை நெருங்கினால் சென்னை, காரைக்கால் ரேடார்கள் பிடித்துக்கொள்ளும். இவ்வளவு செய்தும், இருபத்துநான்கு மணி நேரத்துக்கு முன்னால் குறித்த இடத்துக்கும் புயல் நிஜமாகப் போய் நிற்கிற இடத்துக்கும் சராசரியாக எழுபது எண்பது கிலோமீட்டர் வித்தியாசம் வரும். சென்னை என்று சொன்னது மாமல்லபுரத்தைத் தாண்டியும் போகலாம். அதனால்தான் வானிலை ஆபீஸ் கோட்டோடு நிறுத்தாமல், இரண்டு பக்கமும் விரிந்துகொண்டே போகிற கூம்பு ஒன்றையும் வரைகிறது.

கூம்பை யார் பார்த்தார்கள்? நான் கோட்டைத்தான் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் கோட்டைக்கூட இல்லை. கோடு என் ஊர்ப் புள்ளியைத் தொடுகிறதா, தொடவில்லையா என்பதை மட்டும்.

2018 நவம்பரில் கஜா வந்தது. இலங்கை வைத்த பெயர். யானை. முதலில் கடலூருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் நடுவே கரையைக் கடக்கும் என்றார்கள். நடுவே என்றால் சென்னை. மேன்ஷனில் தண்ணீர் பிடித்து வைத்தோம், பிரெட் வாங்கினோம். அப்புறம் யானை மனசை மாற்றிக்கொண்டு தென்மேற்கே திரும்பியது. கடலூருக்கும் பாம்பனுக்கும் நடுவே என்றார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை கோடு கீழே இறங்க இறங்க, எனக்கு உற்சாகம் ஏறியது. ஆபீஸில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். "சென்னை தப்பிச்சுது சார்!" யாரோ ஸ்வீட் வாங்கிவரலாமா என்றார்கள். வாங்கி வந்தார்கள் என்றுதான் ஞாபகம். நானும் சாப்பிட்டேன்.

எங்கள் அக்காவைக் கட்டிக்கொடுத்தது பேராவூரணிப் பக்கம். கடலிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் உள்ளே ஒரு கிராமம். இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு, 140 மரம். தோப்புக்குள்ளேயே ஓட்டு வீடு. பதினான்காம் தேதி சாயங்காலம் மாமா போன் செய்தார். அவராக எனக்குப் போன் செய்வது அபூர்வம்.

"மாப்ளே, புயலு நம்ம பக்கம் வருதாம்ல? பேராவூரணியில எங்க அண்ணன் மாடி வீட்டுக்குப் புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போயிரலாமான்னு பாக்குறேன். நீதான் இதெல்லாம் பாப்பியே, என்ன சொல்றே?"

நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். கோடு நாகப்பட்டினம் பக்கம் கரையைத் தொட்டது. அக்கா வீட்டுப் புள்ளி அதற்கு ரொம்பத் தள்ளி, உள்ளே இருந்தது.

"மாமா, அது நாகப்பட்டினம் வேதாரண்யம் பக்கம். கரையைக் கடந்ததும் வலுவிழந்துடும். உங்களுக்கு மழைதான் வரும். பயப்படாம தூங்குங்க."

"அப்படியா? சரி மாப்ளே, நீ சொன்னாச் சரி."

நீ சொன்னாச் சரி. என் வாழ்க்கையில் மாமா எனக்குக் கொடுத்த ஒரே சர்டிபிகேட்.

நவம்பர் 16-ம் தேதி நள்ளிரவு தாண்டி, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா கரையைக் கடந்தது. கோடு சரி. வானிலை ஆபீஸ் சரி. இரண்டரை மணிவரை விழித்திருந்து பார்த்துவிட்டு, "கரையைக் கடந்தது" என்று நியூஸில் போட்டதும் போனை அணைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். அக்கா வீட்டில் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்திருக்கிறது.

காலையில் போன் போட்டேன். சுவிட்ச்டு ஆஃப். மாமாவுக்குப் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. பஞ்சாயத்து ஆபீஸ், அக்கா மகள் ஸ்கூல், பேராவூரணி அண்ணன், எதுவும் கிடைக்கவில்லை. டி.வி.யில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்துவிட்டன என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை கடலில் புயல் எங்கே இருக்கிறது என்று சொல்லத் தெரிந்த எனக்கு, என் அக்கா எங்கே இருக்கிறாள் என்று இரண்டு நாள் தெரியவில்லை. பதினோராம் எண் கூண்டு என்றால் என்ன என்று அப்போதுதான் புரிந்தது.

பதினேழாம் தேதி ராத்திரி கோயம்பேட்டில் தஞ்சாவூர் பஸ் பிடித்தேன். தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டைக்குப் போகிற பஸ் ஒரத்தநாட்டுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. ரோடு முழுக்க மரம். ஜனங்கள் அவரவர் அரிவாளைக் கொண்டுவந்து வெட்டி ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். யார் யாருடைய மோட்டார் சைக்கிளிலோ தொற்றிக்கொண்டு, நடந்து, மறுபடி தொற்றிக்கொண்டு போனேன். அந்த ரோட்டில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, வழி தப்பிவிட்டேனோ என்று. இரண்டு பக்கமும் வானம் தெரிந்தது. பேராவூரணிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அங்கே வானம் தெரியாது. தென்னை மட்டைதான் தெரியும்.

வீட்டில் ஓடு இல்லை. சுவர் இருந்தது. திண்ணையில் அக்கா தட்டில் அரிசியைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வாடா, சாப்பிட்டியா?" என்றாள். அதைக் கேட்டதும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. தோப்புப் பக்கம் போய்விட்டேன்.

தோப்பு எங்கே? மரங்கள் வேரோடும், இடுப்பில் முறிந்தும், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. மாமா ஒரு மரத்தின்மேல் உட்கார்ந்திருந்தார். வலது தோளில் துண்டால் கட்டு. ஓடு விழுந்திருக்கிறது. பிள்ளையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, இவர் கட்டிலின்மேல் குப்புறப் படுத்து, மூன்று மணி நேரம் இருந்திருக்கிறார்.

"வாங்க மாப்ளே" என்றார். அதுவரை என்னை 'வா' என்றுதான் சொல்லுவார். அன்றைக்கு 'வாங்க' போட்டார்.

நான் எதிரே உட்கார்ந்தேன். அவராகத்தான் பேசினார். "மொதல்ல வடக்கேயிருந்துதான் தள்ளுச்சு. வாடைதானேன்னு இருந்தேன். அப்புறம் மேலக்காத்தா மாறி ஓட்டப் பிரிச்சுது. விடியக் காலையில தெக்கேயிருந்து வந்து மிச்சத்தையும் சாச்சுப்புட்டுப் போயிருச்சு. பாருங்க, மரம் ஒரே தெசையில விழுகல."

பைஸ் பாலட் என்று ஒரு டச்சுக்காரர் 1857-ல் சொன்ன விதி ஒன்று உண்டு. பூமியின் நம் பாதியில், காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால் இடது கைப் பக்கம் புயல். ராத்திரி பஸ்ஸில் திரும்பும்போது மாமா சொன்ன மூன்று காற்றையும் ஒரு டிக்கெட்டுக்குப் பின்னால் போட்டுப் பார்த்தேன். வடக்குக் காற்று, புயல் கிழக்கே. மேற்குக் காற்று, வடக்கே. தெற்குக் காற்று, மேற்கே போய்விட்டது. அதாவது கிழக்கிலிருந்து வந்து, அக்கா வீட்டுக்குக் கொஞ்சம் வடக்காக நடந்து, மேற்கே போயிருக்கிறது. வானிலை ஆபீஸ் படமும் அதையேதான் காட்டியது. கம்ப்யூட்டர் இல்லாமல், கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு மாமா அதைக் கண்டுபிடித்திருக்கிறார்.

சென்னைக்கு வந்து இன்னொரு காரியம் செய்தேன். அந்த நாள்களின் வானிலை அறிக்கைகளைத் திரும்ப எடுத்துப் படித்தேன். படம் முதல் பக்கத்தில். நான் அதோடு மூடிவிட்டிருக்கிறேன். கீழே பலத்த காற்று வீசும் மாவட்டங்கள் என்று தஞ்சாவூர், புதுக்கோட்டை எல்லாம் பெயர் சொல்லி எழுதியிருந்தது. எதிர்பார்க்கப்படும் சேதம் என்று தனியாக ஒரு பகுதி. கூரை வீடு, மின்கம்பம், மரம், எல்லாம் இருந்தது. ஒரு பி.காம். பட்டதாரி, பாலன்ஸ் ஷீட்டில் அடிக்குறிப்பைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதுபோல. மேனேஜர் பார்த்திருந்தால் சீட்டைக் கிழித்திருப்பார்.

படித்த படிப்புக்கு ஒரு கணக்கும் போட்டேன். 140 மரத்தில் நின்றது 11. விழுந்தது 129. அரசாங்கம் மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் கொடுத்தது. ஆக 1,100. 129 மரத்துக்கு 1,41,900 ரூபாய். சண்டை போட வரவில்லை. லட்சக்கணக்கான மரத்துக்குக் கொடுக்க வேண்டுமே. ஆனால் மரத்துக்கு வருஷம் நூறு காய், காய் பத்து ரூபாய் என்று குறைத்து வைத்தாலும் ஆயிரம் ரூபாய் ஆயிற்று. கொடுத்தது ஒரு வருஷக் காய்ப்புக்குச் சற்று மேலே. புதுசாக வைக்கிற நாட்டுத் தென்னை காய்க்க ஆறேழு வருஷம். நடுவில் உள்ள வருஷங்களை எந்தத் தலைப்பில் எழுதுவது? எந்த டெப்ரிசியேஷன் முறையிலும் அதற்கு இடமில்லை. மரத்தை ஆஸ்தியாகத்தான் நாங்கள் எழுதுவோம். அக்கா ஊரில் கன்றையே தென்னம்பிள்ளை என்றுதான் சொல்லுகிறார்கள்.

மாமா திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் இரண்டு வருஷம் வேலை பார்த்தார். வலது கையைத் தோளுக்குமேல் தூக்க வராது. அதனால் பேக்கிங் செக்‌ஷன். இன்றுவரை "நீ சொன்னதால்தானே" என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அதற்கப்புறம் நான் புயல் பார்ப்பதை விட்டுவிட்டேனா என்றால், இல்லை. குடிகாரன் பேச்சுதான். ஆனால் பார்க்கிற விதம் மாறியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது கோடு சென்னையைத் தொடவே இல்லை. கடலோரமாகவே மெதுவாக நடந்து ஆந்திராவில் பாபட்லா பக்கம் போய்க் கரையேறியது. ஊரே "ஆந்திராவுக்குப் போகுது" என்று நிம்மதியாக இருந்தது. நான் கீழே எழுதியிருந்த மழையைப் படித்துவிட்டு, மடிப்பாக்கம் வீட்டில் அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றினேன். பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார். மறுநாள் அவருடைய ஃப்ரிட்ஜ் மிதந்தது. (நான் சிரிக்கவில்லை. என் கேஸ் சிலிண்டரும் மிதந்தது.)

அக்கா ஒவ்வொரு நவம்பரிலும் போன் செய்வாள். 2024 நவம்பர் கடைசியிலும் செய்தாள். ஃபெஞ்சல். புயலாக ஆகும் என்றார்கள், ஆகாது என்றார்கள், அப்புறம் ஆகிவிட்டது என்றார்கள். முப்பதாம் தேதி.

"தம்பி, இப்ப எங்க இருக்கு?"

"பாண்டிச்சேரி பக்கம் அக்கா. உங்களுக்கு ஒண்ணும்..." என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டேன். மாவட்ட லிஸ்ட்டை முழுசாகப் படித்தேன். காற்று வேகம், மழை, எத்தனை மணிக்கு, எல்லாம்.

"சரி, நமக்கு இல்ல. பாண்டிச்சேரில உன் சிநேகிதப் புள்ள ஒண்ணு இருக்குமே, ஒன்கூட ரூம்புல இருந்துச்சே. அதுக்குச் சொன்னியா?"

சொல்லவில்லை. வர்தாவில் ஷட்டருக்குள் நின்றானே, அவன்தான். கல்யாணமாகிப் பாண்டிச்சேரியில் மாமனார் வீட்டு மாடியில் குடியிருக்கிறான். காலையிலிருந்து இருபது பேருக்குப் புயல் நிலவரம் சொல்லியிருக்கிறேன். அவன் ஞாபகம் வரவில்லை. கோடு போகிற இடத்தில் எனக்குத் தெரிந்த ஆள் இருக்கிறான் என்றே தோன்றவில்லை.

ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் லைன் கிடைத்தது.

"நியூஸ்ல கரையைக் கடந்துடுச்சுன்னுட்டான்டா. காத்தும் கம்மியாத்தான் இருக்கு. கீழ போயி பைக்கை மேட்டுல ஏத்திட்டு வந்துடறேன்."

"போகாதே."

"அதான் கடந்துடுச்சே!"

"கடந்துட்டு உங்க ஊர் மேலயே நிக்குது. நகரல. மழை இனிமேதான். மாமனார், மாமியாரையும் கீழேர்ந்து மாடிக்கு ஏத்திடு. குடிக்கத் தண்ணி எடுத்துக்கோ."

"எப்ப நகரும்?"

"தெரியல."

"உனக்குமா தெரியல?"

"எனக்குந்தான். ஷட்டர் ஞாபகம் இருக்கா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் பின்னால் திரும்பி யாரிடமோ, "மாமா, நீங்களும் மேல வந்துடுங்க" என்று அவன் கத்துவது கேட்டது. லைன் கட்டானது.

ஒரே நாளில் புதுச்சேரியில் 40 சென்டிமீட்டருக்கும் மேலே கொட்டியது. ஜனங்களை வெளியே கொண்டுவர ராணுவம் வந்தது. மறுநாள் மத்தியானம்வரை அவன் போன் கிடைக்கவில்லை. எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு மணி சுமாருக்கு அவனே கூப்பிட்டான். கீழ்வீட்டில் இடுப்பளவு தண்ணீர். எல்லாரும் மாடியில் இருக்கிறார்கள். மாமனார் தன் பென்ஷன் புஸ்தகம் நனைந்துவிட்டது என்று அவனைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"எல்லாரும் நல்லாருக்காங்க அக்கா. பைக் மட்டும் முழுகிடுச்சாம்."

"பைக்கு கெடக்குது, விடு. அங்கிட்டுத் தென்னையெல்லாம் எப்படி இருக்காம்? கேட்டியா?"

கேட்கவில்லை. மறுபடி அவன் நம்பரைப் போட்டேன்.